சுகமாபினி

மலையில் இருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று அளந்து சொல்ல ஒரு கருவி வேண்டும் என்று, கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருந்த நாலு பேருக்குத் தோன்றியது. மலையில் இருப்பவர்களுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. அவர்களுக்குச் சர்க்கரை, சோகை, நெஞ்சுச்சளி, யானை என்று வேறு ஜோலிகள் இருந்தன. ஆகவே கழக்கூட்டமே பொறுப்பை ஏற்றுக்கொண்டு கருவியைச் செய்தது. அதற்குச் சுகமாபினி என்று பெயரும் வைத்தது. மாபினி என்றால் மலையாளத்தில் அளக்கும் கருவி.

பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டேப்லெட், அதில் ஐந்து முகங்கள். ஒரு கோடியில் கண்ணீர் விட்டு அழும் முகம், மறுகோடியில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் முகம், நடுவில் இன்னும் முடிவுக்கு வராத மூன்று பேர். கேள்வி ஒன்றுதான். ஆள் சொல்லும் பதிலைக் கேட்டு, பொருத்தமான முகத்தில் விரலை வைத்தால் ஒரு பழங்குடியின் ஆரோக்கியம் அந்த நிமிஷமே பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே இதற்கெல்லாம் நிதி கொடுக்கும் அறக்கட்டளை ஒன்று கண்கொட்டாமல் காத்திருந்தது.

கம்பெனியை நடத்தியவன் நவநீத், ஸ்ரீவராகத்துப் பையன். அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மனிதகுலத்துக்கு ஏதாவது செய்தே தீருவது என்ற முடிவோடு திரும்பியிருந்தான். மனிதகுலத்துக்கு யாராவது முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கலாம். கேள்வியை அந்த மலைவாசிகளான காணிக்காரர்களின் பேச்சில் போடுகிற வேலையை அவன் பத்மப்ரியாவிடம் கொடுத்தான். அவள் கரமனை அக்ரஹாரத்துப் பெண், அவனுடைய ஆபீசில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள். காணிக்காரர்கள் பேசுவது பாதித் தமிழ், பாதி மலையாளம், நீ பேசுவதும் அப்படித்தானே என்பது அவன் சொன்ன காரணம். பத்மப்ரியாவுக்கு அந்தக் காரணம் மிகவும் பிடித்துப்போனது. அதுவரை அவளுக்கும் காணிக்காரர்களுக்கும் இருந்த பரிச்சயம், கண்காட்சியில் வாங்கிய காட்டுத்தேன் பாட்டிலில் ஒட்டியிருந்த படம் மட்டுமே.

கேள்வி ஆங்கிலத்தில் மூன்று வரி இருந்தது. உடல், உள்ளம், சமூகம், சூழல் ஆகிய அனைத்தையும் கருத்தில் கொண்டு தற்போதைய உங்கள் ஒட்டுமொத்த நல்வாழ்வு நிலையை எவ்வாறு மதிப்பிடுவீர்கள் என்கிற மாதிரி. இந்தக் கேள்வியைக் கேட்டால் கேட்டவனுக்கே மூச்சு வாங்கும். என்ன வியாதி, எங்கே வலி என்றெல்லாம் கேட்கக்கூடாதா என்று பத்மப்ரியா ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள். வியாதியைப் பற்றிக் கேட்பது எதிர்மறையாம், அறக்கட்டளைக்கு அது ஆகாதாம்.

மண்ணாம்பாறை என்பது கோட்டூர் தாண்டி, தார் ரோடு முடிந்து, அதற்கப்புறம் ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத தூரத்தில் இருந்த காணிக்காரர் குடியிருப்பு. வாரம் முழுக்க அங்கே ஏறிய வண்டி ஒன்றே ஒன்று, வியாழக்கிழமை ஜீப். அதே அறக்கட்டளை எப்போதோ நல்ல புத்தி இருந்த காலத்தில் ஏற்பாடு செய்தது. அதில் நீது என்ற நர்ஸ் வருவாள். சர்க்கரை பார்ப்பாள், பிரஷர் மாத்திரை கொடுப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், முடியாதவர்களை அதே ஜீப்பில் ஏற்றி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். சுகமாபினிக் கூட்டமும் முதல் தடவை ஒரு வியாழக்கிழமைதான் மலையேறியது, கம்பெனியின் சொந்த ஜீப்பில். ஓட்டியவர் நெல்லையப்பன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து, டிரைவர் ஆனவர்.

ஊருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே ஓடும் புரமோட்டர் வேலையில் இருந்த லிபி அவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். அந்த ஊர்ப் பெண்தான். முகத்தில் சிரிப்பை வீணாக்காதவள். பத்மப்ரியா தன் மூன்று வரிக் கேள்வியை முதல் வீட்டுக் கிழவரிடம் கேட்டாள். அவர் பாதியிலேயே எழுந்து ரேஷன் கார்டை எடுத்து வந்து காட்டினார். இரண்டாவது வீட்டில் ஆதார் அட்டை வந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் பத்மப்ரியாவுக்கு அலுத்துப்போய், நம்மூரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதையே கேட்டுவிட்டாள்.

"சொகந்தானே?"

"சொகம்" என்று பதில் வந்தது, கேள்வி முடிவதற்குள்.

அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்க அளந்து முடிந்துவிட்டது. சொகந்தானே, சொகம். சிரிக்கும் முகத்தில் ஒரு விரல், அடுத்த வீடு. லிபியின் அம்மா தங்கபாய் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீது கீழே குந்தி, பெருவிரல் பக்கத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் புண். வாசனை குமட்டியதால் பத்மப்ரியா வாசலிலேயே நின்றாள். சொகந்தானே அம்மா என்று அங்கிருந்தபடியே கேட்டாள். சொகம் மோளே, உள்ளே வா, சாயா போடட்டா என்று தங்கபாய் வாய் நிறையச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைக் கூடவந்த போட்டோகிராபர் விடுவாரா? கால் படத்தில் விழாமல் அழகாக எடுத்தார்.

லிபி மட்டும், அம்மாவுக்குக் கால் இப்படி இருக்கிறதே, அதை எதில் எழுதுவீர்கள் என்று கேட்டாள். அதற்கு இதில் இடம் இல்லை, ஒட்டுமொத்தமாகத்தான் அளக்கிறோம் என்று பத்மப்ரியா விளக்கினாள். ஒட்டுமொத்தத்தில் கால் சேராதா என்று லிபி கேட்கவில்லை.

அறிக்கை பளபளவென்று வந்தது. அட்டையில் தங்கபாய் சிரித்துக்கொண்டிருந்தாள். அளந்த மலைகளிலேயே மண்ணாம்பாறைதான் மிகச் சுகமான ஊர் என்று தெரியவந்தது. கருவியைச் சரிபார்ப்பதற்காகக் கழக்கூட்டம் ஆபீசிலும் ஒரு தடவை எல்லோரையும் அளந்திருந்தார்கள். அங்கே சராசரி, அழுகைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. ஆபீசுக்கு ஜீப் அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் மண்ணாம்பாறைக்கு இனி ஜீப் வேண்டாம் என்று பெங்களூரில் தோன்றிவிட்டது. இவ்வளவு சுகமாக இருப்பவர்களுக்கு நர்ஸ் எதற்கு? வியாழக்கிழமை ஜீப், சுகம் குறைந்த வேறொரு மலைக்குப் போனது. நியாயம்தான். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் இலையை எடுத்து, சொல்லத் தெரிந்தவன் முன்னால் போடுகிற நியாயம்.

இதெல்லாம் பத்மப்ரியாவுக்குத் தெரியாது. ஆபீசில் அவளுக்குக் கேக் வெட்டினார்கள். மழைக்காலம் பாதி போனபிறகு ஒரு நாள் லிபி போனில் கூப்பிட்டாள். மெடிக்கல் காலேஜில் இருந்தாள். ஜீப் நின்றபிறகு புண்ணைப் பார்க்க ஆள் இல்லை, ரோடு ஓடையாகிவிட்டது, கடைசியில் நாலு பேர் கம்பில் கட்டித் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கால்விரல்களை எடுத்தாயிற்று. இதை எல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, ஜீப் ஏன் நின்றது, உங்களுக்குத் தெரியுமா சேச்சி என்று லிபி கேட்டாள்.

அறிக்கையால்தான் என்று அப்போதுதான் பத்மப்ரியாவுக்கு உறைத்தது. ஆனால் வாயில் வந்தது இதுதான்: "அம்மா சொகம்னுதானே சொன்னா?"



"வீட்டுக்கு வந்த ஆளுகிட்ட வேற என்ன சொல்லும் சேச்சி?" என்றாள் லிபி.

அன்று பத்மப்ரியா கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா பிச்சுமணியைப் பார்க்க எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி வந்திருந்தாள். பிச்சுமணிக்கு ஸ்டென்ட் வைத்து அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நாலடி நடந்தால் மூச்சு இரைக்கும். காலையில் பாத்ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அதைப் பார்த்தவள் பத்மப்ரியா. மாமி உள்ளே வந்ததும் வராததுமாக, சௌக்கியந்தானே என்றாள். "பேஷா இருக்கேன், உக்காருங்கோ, காப்பி சாப்பிட்டுட்டுத்தான் போணும் கேட்டேளா" என்றார் பிச்சுமணி. மாமி திருப்தியாகக் காப்பி குடித்தாள். வரிசையில் ஐந்தாவது முகம், யோசிக்காமல் விரல் வைத்துவிடலாம்.

 சௌக்கியந்தானே, பிறந்ததிலிருந்து பத்மப்ரியா இந்த வீட்டில் கேட்டு வளர்ந்த வார்த்தை. அதன் பதில் ஏற்கெனவே அதற்குள்ளேயே இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பாதி அது பாதி இது என்று சொல்லித்தானே அவளை இந்த வேலைக்கு வைத்தார்கள். அந்தக் கேள்வி கேள்வியே இல்லை. செருப்பைக் கழற்றுவது மாதிரி உள்ளே வருகிறவர் செய்கிற ஒரு காரியம். அதைக் கொண்டுபோய் ஒரு ஊரின் ஜீப்பை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் நவநீத்திடம் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். பொறுமை அவனுடைய பெரிய பலம். எதைக் கேட்டாலும் மாறமாட்டான். கேள்வி தப்பு என்றால் அதற்கு அவ்வளவு வேகமாகப் பதில் வந்திருக்காதே என்றான். ஓர் ஊரே ஒரே பதிலைச் சொல்வது எவ்வளவு அபூர்வமான தரவு என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தான். கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்து, "பத்மா, அறிக்கை போயாச்சு. இனி அவா சௌக்கியமா இல்லைன்னா, அது அவாளோட பிரச்சினை இல்லே, நம்மளோட பிரச்சினை ஆயிடும்" என்றான். அவன் பேசியதில் முழு உண்மையாக வந்த ஒரே வாக்கியம் அது.

அறக்கட்டளை சும்மா இருக்குமா? மிகச் சுகமான ஊருக்குப் பாராட்டு விழா எடுத்தது. நகரத்தில் பெரிய ஹோட்டலில், சாண்டலியருக்குக் கீழே. பெங்களூரிலிருந்து அதன் இயக்குநர் ராஜஸ்ரீ வந்திருந்தாள். கழுத்தில் பழங்குடி மணிமாலை, எந்தப் பழங்குடி என்பது அந்த மாலை செய்த கம்பெனிக்கே வெளிச்சம். மண்ணாம்பாறையிலிருந்து ஊர்த்தலைவரையும் இன்னும் சிலரையும் வண்டி வைத்து இறக்கியிருந்தார்கள். விழாவுக்கென்றால் வண்டி கிடைத்தது. தங்கபாயால் வர முடியாததால் அவள் சார்பில் லிபி வந்திருந்தாள். பாராட்டுப் பலகையை வாங்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்மப்ரியா முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வேலை போனாலும் போகட்டும், ராஜஸ்ரீயிடம் நேரே சொல்லிவிடுவது, ஜீப்பைத் திரும்ப வாங்கிவிடுவது. பஃபே வரிசையில் ராஜஸ்ரீ பிரவுன் ரைஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொகந்தானே என்பது மரியாதை, விசாரணை அல்ல என்றாள். சோகையையும் சர்க்கரையையும் மடிமேல் வைத்துக்கொண்டு அந்த மனுஷர்கள் வந்தவளை உபசரித்தார்கள், அதை நான் ஆரோக்கியம் என்று எழுதினேன் என்றாள். அட்டையில் சிரிக்கிறாளே, அந்த அம்மாளுக்கு இப்போது கால்விரல் இல்லை என்றாள்.

ராஜஸ்ரீ தட்டைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. பத்மப்ரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு கஷ்டத்திலும் சுகம் என்று சொல்கிறார்களா, இந்த மனவலிமை எங்கிருந்து வருகிறது என்று உருகினாள். நகரத்து ஜனங்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் மாத்திரை போடுகிறார்களே, இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டாமா என்றாள். விரல் போனபிறகும் அந்த அம்மாளின் சுகம் குறைகிறதா என்று தெரிந்துகொண்டாக வேண்டும் என்றாள். சாப்பாடு முடிவதற்குள், இரண்டாம் கட்ட ஆய்வு அறிவிக்கப்பட்டுவிட்டது. தலைப்பு, ஆனந்தத்தின் வேர்கள். ஒரு வருஷம் முழுக்க வாராவாரம் ஆய்வு ஜீப் மலைக்குப் போகும். அதே ஆட்கள், அதே கேள்வி. தங்கபாய்தான் ஆய்வின் முகம். சுகம் குறைந்துவிட்டால் ஆய்வு செய்ய ஒன்றும் இருக்காது, ஆகவே அன்றோடு நிறுத்தப்படும். தலைமை, பத்மப்ரியா.

நீதுவின் ஜீப்பைத் திரும்பத் தருவீர்களா என்று பத்மப்ரியா கடைசியாக ஒரு தடவை கேட்டாள். அது மருத்துவம், அதற்கு நிதி வேறு தலைப்பு, அதுவும் இல்லாமல் மருந்து கொடுத்தால் அவர்களுடைய இயல்பான ஆனந்தம் கலங்கி ஆய்வே கெட்டுவிடும் என்று ராஜஸ்ரீ வருத்தத்தோடு சொன்னாள்.

ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டே பத்மப்ரியா வெளியே வந்தாள். போர்ட்டிகோவில் லிபி நின்றிருந்தாள். அறிவிப்பை அவளும் கேட்டிருந்தாள். இந்த அசிங்கத்துக்கு நான் இருக்க மாட்டேன் லிபி, நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று பத்மப்ரியா ஆவேசமாகச் சொன்னாள். லிபிக்கு அந்த ஆவேசத்தில் அக்கறை இல்லை. வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அந்த ஜீப்பு மலையிலேந்து இறங்கும்போ காலியாத்தானே இறங்கும் சேச்சி?"

ஆமாம் என்று பத்மப்ரியா தலையாட்டினாள்.

"நீங்க போயிட்டா வேற ஆளு வரும். அந்த ஆளு எங்கள வண்டியில ஏத்துமா? நீங்க ஏத்துவீங்க. ஏன்னா உங்களுக்கு மனசு உறுத்துது" என்றாள் லிபி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

அப்படியாக ராஜினாமா போன இடம் தெரியவில்லை, பத்மப்ரியா ஆனந்தத்தின் தலைவி ஆனாள். வாராவாரம் நெல்லையப்பன் ஜீப்பை மேலே ஏற்றுவார். அதற்குள் பாறையடியில் ஜனங்கள் தயாராக இருப்பார்கள். ரத்தம் ஏற்ற வேண்டிய கர்ப்பிணிகள், இருமிக்கொண்டு ரப்பர் வெட்டுகிறவர்கள், கண்ணில் பூ விழுந்தவர்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவராகச் சொகம் சொல்ல வேண்டும். முன்னே மரியாதைக்குச் சொன்னதை இப்போது வண்டிக்காகச் சொன்னார்கள். ஒருத்தர் இருமல் அடங்கும்வரை காத்திருந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சொகம் என்பார். பத்மப்ரியா சிரிக்கும் முகத்தை அழுத்துவாள். ஏறுங்கோ, அடுத்தவா வாங்கோ. பிறகு அத்தனை ஆனந்தத்தையும் அடைத்துக்கொண்டு ஜீப் நேரே அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். பெங்களூர்க் கணினியில் சுகத்தின் கோடு மேலேயே நின்றது. ராஜஸ்ரீ இதைப் பற்றி வெளிநாட்டில் இரண்டு இடங்களில் பேசிவிட்டு வந்தாள்.

கர்ப்பிணிகளுக்கு ரத்தம் ஏறியது, இருமல்காரருக்குக் காசம் என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கியது. அதற்காகப் பத்மப்ரியா வெட்கத்தை விழுங்கிக்கொண்டாள். மலையில் அவள் வாசலிலேயே நின்றுவிடுவது மாறிப்போனது. தங்கபாய் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். கட்டு மாற்றவும் கற்றுக்கொண்டு, தங்கபாயின் காலை மடியில் வைத்துத் துடைத்தாள். இப்போது அந்த வாசனை அவளை ஒன்றும் செய்யவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலை, தங்கபாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லிபியும் பத்மப்ரியாவும் தோள் கொடுத்து ஜீப்பில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் சொகம் சொல்லி ஏறியாயிற்று. உள்ளே இடிபட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நெல்லையப்பன் சாவியில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தார். பத்மப்ரியா டேப்லெட்டை எடுத்து, கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், சொகந்தானே அம்மா என்றாள்.

தங்கபாய் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வர்றவுங்ககிட்டத்தான் சொகம்னு சொல்லும். நீ இப்போ வீட்டாளு, உன்கிட்ட எதுக்குப் பொய்யி. எனக்குச் சொகமில்ல மோளே. கால்ல தீ வச்ச மாதிரி இருக்கு. மத்தக் காலும் மரத்துப் போச்சு. செத்துப் போவேனோன்னு பயமாயிருக்கு. இவகிட்டச் சொன்னா இவ அழும், அதனால சொல்லல."

லிபி தலையைத் திருப்பிக்கொண்டாள். பத்மப்ரியா எந்தப் பதிலுக்காக நவநீத்திடம் மன்றாடினாளோ, பஃபே வரிசையில் நின்று பேசினாளோ, அந்தப் பதில் வந்துவிட்டது. அவளை வீட்டு மனுஷியாக்கி, கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடி எழுதினால், ஆய்வின் முகம் அழுகிறது என்று அந்த நிமிஷமே பெங்களூருக்குத் தெரியும். அடுத்த வாரம் இந்தப் பாறையடிக்கு எந்த வண்டியும் வராது.

அவள் இடது கையால் தங்கபாயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கை விரலைச் சிரிக்கும் முகத்தில் வைத்து அழுத்தினாள்.

தங்கபாய் எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்ட வராவிட்டாலும் படம் தெரியும்.

"அது ஆரு மோளே, இப்படிச் சிரிக்குது?"

"நீங்கதாம்மா" என்றாள் பத்மப்ரியா.

நெல்லையப்பன் ஜீப்பைக் கிளப்பினார்.